ஒன்றும் வரவில்லை என்பதற்கு இரண்டு கையெழுத்து

அல்லாஹ் பென்யூனஸுக்குப் படியளந்த இடம் தரைக்கு மேலே இல்லை, ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே. அங்கே ஒரு குழாய் ஓடியது. அல்ஜீரியாவின் எரிவாயு அதன் வழியாக மொரோக்கோவுக்குள் நுழைந்து, ஆடு மேயும் மேட்டுநிலத்தைக் கடந்து, கடலுக்கு அடியில் புகுந்து, ஸ்பெயின்காரர்களின் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லையிலிருந்து முதல் முப்பத்து மூன்று மஞ்சள் கம்பங்கள் வரைக்கும் அந்தக் குழாய்க்குக் காவல் பென்யூனஸ்.

முப்பத்து மூன்று என்பதை அவர் தற்செயல் என்று நினைக்கவில்லை. கம்பத்துக்கு ஒரு சுப்ஹானல்லாஹ் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் தொழுகை முடிந்து முப்பத்து மூன்று தடவை விரலால் தஸ்பீஹ் மணி உருட்டினால், இவர் காலால் உருட்டினார். இருபத்தாறு வருஷம் உருட்டினார். மழைக்காலத்தில் செருப்பு சேற்றில் ஒட்டிக்கொள்ளும், கோடையில் புல்லெல்லாம் ஊசியாகிக் கணுக்காலைக் கீறும். ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றாறில் ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் அவருக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். "கேஸ் போற திசையில நட. நடந்து முடிச்சதும் தாள்ல அந்தத் திசைக்கு ஒரு அம்பு போடு. கையெழுத்து போடு. அவ்வளவுதான்." ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு அது கஷ்டமான பாடமில்லை. எல்லையில் உள்ள முதல் கம்பத்தில் ஆரம்பித்து மேற்கே நடந்தார், மேற்கே அம்பு போட்டார்.

அந்தக் குழாயால் அவர் வீட்டுக்கு ஒரு கதகதப்பும் வரவில்லை. அவர் மனைவி யாமினா அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு நாளும் டீ போட்டதில்லை.

"உங்க காலுக்குக் கீழே ஒரு ஊருக்கே காணுற கேஸ் ஓடுது. நான் ஒரு டீ போட சிலிண்டர் கழுதை மேல வரணும். அதுவும் கழுதைக்கு மனசு இருந்தா."

"அது வேற கேஸ், யாமினா."

"ஆமா, அது படிச்ச கேஸ். வெளிநாட்டுக்குத்தான் போகும்."

பென்யூனஸ் சிரித்துக்கொண்டு டீயைக் குடிப்பார். அவருக்குக் கோபம் வருவது குறைவு. கோபத்தையெல்லாம் அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

எல்லையை மூடியது தொண்ணூற்று நாலில். இரண்டு நாடும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு வழியை அடைத்தன. இரண்டு வருஷம் கழித்து, அதே எல்லைக்கு அடியில் குழாயைத் திறந்தன. மேலே மனுஷன் தாண்டினால் சுடுவார்கள், கீழே எரிவாயு தாண்டினால் வணக்கம் வைப்பார்கள். பெரியவர்கள் படித்தவர்கள், ஏதாவது காரணம் வைத்திருப்பார்கள் என்று பென்யூனஸ் விட்டுவிட்டார். ஆனால் அவருடைய அக்கா கைரா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

கைரா எல்லை மூடுவதற்கு நாலு வருஷம் முன்னால் அந்தப் பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். வானம் வெளுத்திருக்கும் காலையில் முதல் கம்பத்தில் நின்றால் அவள் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஒரு மணி நேர நடை. சட்டப்படி போக வேண்டுமென்றால் மூன்று விமானம் மாற வேண்டும். தொண்ணூற்று நாலுக்குப் பிறகு பென்யூனஸ் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. போன் இருந்தது. ஆனால் கைராவுக்குக் காது மந்தம். போனில் அவள் பேசுவாள், பேசுவாள், எதிர்முனையில் ஆள் இருக்கிறதா என்றே பார்க்காமல் பேசிவிட்டு, "சரி, உன் குரலைக் கேட்டதுல சந்தோஷம்" என்று வைத்துவிடுவாள்.

அல்லாஹ் ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றைச் சும்மா விட மாட்டான். கைராவின் கணவர் மிலூத், அந்தப் பக்கத்தில் அதே குழாய்க்குக் காவலர் ஆனார்.

பென்யூனஸின் தாளில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று 'இப்பக்கக் காவலர்', இன்னொன்று 'எதிர்ப்பக்கக் காவலர்'. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை இரண்டு காவலரும் முதல் கம்பத்தில் உள்ள இரும்புக் கதவின் இரு பக்கமும் வந்து நிற்க வேண்டும். கதவில் கையகல ஜன்னல். அதன் வழியே அட்டையோடு தாள் போகும், கையெழுத்தாகித் திரும்பி வரும். முறைத்துக்கொண்ட இரண்டு நாடுகளுக்கு நடுவில் சட்டப்படி சந்தித்துக்கொண்டவர்கள் இந்த மச்சானும் மச்சினனும்தான்.

அட்டைக்கு அடியில் கைராவின் ரொட்டி வரும். பேரீச்சம்பழத்தை அரைத்து நடுவில் வைத்த ரவை ரொட்டி. முதல் வருஷம் அது ஜன்னலில் நுழையவில்லை. மறு மாதம் கொஞ்சம் தட்டையாக வந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அது காகிதத்துக்குக் கொஞ்சம் தடிமன் என்ற அளவுக்கு வந்து சேர்ந்தது. பதிலுக்கு யாமினா பின்னிய கம்பளிக் காலுறை போகும். பென்யூனஸ் எதையும் ஒளிக்கவில்லை. காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு ஒரு துண்டு பிட்டுக் கொடுத்துவிடுவார். சிப்பாய் அதை ராஜ்ஜிய ரகசியம்போல மென்று விழுங்குவான்.

"லாத்தா எப்படி மச்சான்?" என்று அக்காவைப் பற்றிக் கேட்பார் பென்யூனஸ்.

"உங்க லாத்தாவுக்கென்ன குறை? ரொட்டி இந்தத் தடவை தடிச்சுப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். மூணு நாளா என்கூடப் பேசல. அல்ஹம்துலில்லாஹ், நல்ல மூணு நாளு."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"எங்க வீட்ல குழாயைத் திருகினா நெருப்பு வருது, அவன் இன்னும் கழுதைக்குக் காத்துக்கிட்டு இருக்கானேன்னு சொன்னா."

பென்யூனஸ் சிரிப்பார். இப்படிப்பட்ட ஒரு வசவுக்குத்தான் அவர் மாதம் பூராவும் காத்திருந்தார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் அக்டோபரோடு குழாயின் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு நாடும் அப்போது முன்னைவிட முறைப்பில் இருந்தன. யாரும் புதுப்பிக்கவில்லை. நவம்பர் முதல் தேதி காலையில் பென்யூனஸ் வால்வு அறைக்குப் போய்க் குழாயில் கை வைத்தார். எப்போதும் ஒரு முனகல் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. சாவுச் செய்தி கேட்டதுபோல அவர் வாய் தானாக "இன்னாலில்லாஹி" என்றது.

ஜவாத் என்கிற இளம் எஞ்சினியர் அப்போது அவருக்கு அதிகாரி. போன் போட்டுக் கேட்டார்.

"சார், கேஸ் இல்லியே. நான் என்ன செய்ய?"

"குழாய் இருக்குல்ல? வழக்கம்போல நடங்க."

நடந்தார். முதல் வியாழன் வந்தது. காலுறையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். கையகல ஜன்னலில் புதுப் பூட்டு. அந்தப் பக்கம் யாரும் இல்லை. மதியம் லுஹர் பாங்கு வரைக்கும் நின்றுவிட்டு, தாளில் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட்டு வந்தார். அடுத்த மாதமும் அப்படி. அதற்கடுத்த மாதமும். யாமினாவின் அலமாரியில் காலுறைகள் சேர்ந்துகொண்டே போயின.

"ஒரு கேஸ் நின்னதுக்கு என் நாத்தனாருக்குக் கால் குளிரணுமா?" என்றாள் யாமினா. "ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவுல இருந்த சொந்தம் அந்தக் குழாய் மட்டும்தானா?"

பென்யூனஸ் காலுறைகளை உள்ளே தள்ளி அலமாரியைச் சாத்தினார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் குழாய் மறுபடி முனகியது. பென்யூனஸ் வால்வின் மேல் நெற்றியை வைத்து சுக்ர் செய்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். ஜவாத்துக்குப் போன் போட்டார்.

"சார், வந்துடுச்சு சார்!"

"தெரியும். வழக்கம்போல நடங்க." ஜவாத் அவசரமாக வைத்துவிட்டார்.

நடந்தது என்னவென்றால், மொரோக்கோ உலகச் சந்தையில் எங்கோ எரிவாயு வாங்கி, கப்பலில் ஸ்பெயினில் இறக்கி, அதே குழாயில் பின்பக்கமாக அனுப்பி வைக்க ஆரம்பித்திருந்தது. கிழக்கிலிருந்து மேற்கே போன குழாய் இப்போது மேற்கிலிருந்து கிழக்கே வந்து, எல்லை வால்வில் முட்டி நின்றது. இந்தச் சேதி அமைச்சர்களுக்குத் தெரியும், கப்பல்காரர்களுக்குத் தெரியும், பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். குழாய்க்கு மேலே நடந்தவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

எனவே பென்யூனஸ் வழக்கம்போல நடந்தார். எல்லையில் ஆரம்பித்து மேற்கே. வழக்கம்போல அம்பு போட்டார். நாலு மாதம், நாளுக்கு ஒரு தாள்.

வியாழக்கிழமைகளில் கதவு பூட்டியே இருந்தது. எரிவாயு வருகிறது, மச்சான் வரவில்லையே என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளை ஜீப் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜவாத் முகம் வெளுத்து இறங்கினார். கூடவே தலைநகரத்திலிருந்து எரிவாயுக் கமிட்டித் தலைவர் ஒருவர், ஸ்பெயினிலிருந்து சான்றிதழ் எழுதும் ஒருவர். ஸ்பெயின்காரர் பெயர் இன்யிகோ. பக்கத்து ஊஜ்தா நகரத்தில் வேலை பார்த்தவராம், இந்த ஊர்ப் பேச்சை ஒருமாதிரி பேசினார்.

விஷயம் இதுதான். ஸ்பெயினுக்கு அல்ஜீரியாவும் எரிவாயு விற்கிறது. தன்னுடைய சரக்கில் ஒரு மூலக்கூறுகூட மொரோக்கோவுக்குப் போகக் கூடாது என்பது அதன் கண்டிப்பு. மொரோக்கோவும் 'உன் சரக்கு எனக்கு எதற்கு' என்று அதே கண்டிப்பில் இருந்தது. ஸ்பெயினுக்கு இருவரும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு மூட்டை எரிவாயுவுக்கும் பிறந்த ஊர்ச் சான்றிதழ் எழுத ஆள் போட்டார்கள். அந்த ஆள்தான் எல்லாக் காகிதத்தையும் அடுக்கிப் பார்க்கும்போது, பென்யூனஸின் நூற்றிருபது தாளும் அல்ஜீரியாவிலிருந்து எரிவாயு வருவதாக அம்பு போட்டிருப்பதைக் கண்டார்.

கமிட்டித் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தார். யாமினா சிலிண்டரில் டீ வைத்தாள்.

"கேஸ் எங்கேருந்து வருதுய்யா?" என்றார் தலைவர்.

"அல்லாஹ்கிட்டேயிருந்து, ஐயா."

"அது சரி. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்கதான் சொல்லணும். எனக்கு யாரும் சொல்லலியே."

தலைவர் ஜவாத்தைப் பார்த்தார். ஜவாத் டீக் குவளையைப் பார்த்தார்.

"நூத்தி இருபது அம்பு!" தலைவர் தாள்கட்டைத் தரையில் அடித்தார். "இது அந்தப் பக்கத்துக் கையில கிடைச்சா என்ன ஆகும் தெரியுமா? ஸ்பெயினுக்குப் போற கேஸை நிறுத்துவாங்க. குளிர்காலத்துல ஒரு நாடே நடுங்கும். உன் ஒரு அம்பால!"

பென்யூனஸ் சிதறிய தாள்களை அடுக்கி வைத்தார். "ஐயா, நான் நடந்த திசையைத்தான் போட்டேன். பொய் எழுதல. இந்தப் பக்கத்துக் கேஸ், அந்தப் பக்கத்துக் கேஸ்னு அதுக்குத் தெரியுமா ஐயா? குழாய்க்குள்ள அதுங்க ஒண்ணுக்கொண்ணு சலாம் சொல்லிக்கிட்டு ஓடுதோ என்னவோ."

இன்யிகோ சிரிப்பை அடக்கக் குவளையை மூக்கு வரை தூக்கினார்.

"ஆளை மாத்து," என்றார் தலைவர் ஜவாத்திடம். "தாளையும் மாத்து. அம்பைத் திருப்பிப் போட்டு எல்லாத்தையும் புதுசா எழுது."

உள்ளறைக் கதவிலிருந்து யாமினா பேசினாள். "இருபத்தாறு வருஷம் நடந்த ஆளை மாத்துறீங்க, சரி. அவரைத் திருப்பி விட மறந்த ஆளை எப்ப மாத்துறீங்க?"

"யாமினா..." என்றார் பென்யூனஸ்.

"நான் டீக்குச் சர்க்கரை போதுமான்னு கேட்டேன்."

இன்யிகோ தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "திருப்பி எழுதினா நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார். "இந்தத் தாள்ல ஒருத்தர் சாட்சி மட்டும்தான் இருக்கு. ஒருத்தர் சாட்சியில வந்ததுன்னும் சொல்ல முடியாது, வரலைன்னும் சொல்ல முடியாது."

பென்யூனஸ் ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய வெறும் கட்டம் அது. மெதுவாக விரலை அதன் மேல் வைத்தார்.

"இங்க இன்னொரு கையெழுத்து வரும் ஐயா. எங்க மச்சான் மிலூத்து போடுவாரு. இப்ப அவங்க வர்றதில்ல. அவரு வந்து, எங்க பக்கத்துலேருந்து ஒண்ணும் போகலைன்னு எழுதிட்டா, அதுக்கு மேல யாரு பேச முடியும்? அவங்க ஆளே சொன்ன மாதிரி ஆச்சுல்ல?"

 தலைவரின் குவளை பாதி வழியில் நின்றது.

"அவங்களோட நமக்குத் தொடர்பே இல்லையே," என்றார் தலைவர்.

"அதைத்தானே எழுதப் போறோம்," என்றார் பென்யூனஸ் பணிவாக. "தொடர்பு இல்லைன்னு. ரெண்டு பேரும் சேர்ந்து."

ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் போக, மிலூத்தை வரச் சொல்லும் கடிதம் இரண்டரை மாதம் பயணம் செய்தது. மொரோக்கோ அல்ஜீரியாவோடு பேசாது, ஆகவே ஸ்பெயினுக்கு எழுதியது. ஸ்பெயின் அல்ஜீரியாவுக்கு எழுதியது. அல்ஜீரியாவுக்கும் தன் சரக்கு சொட்டுக்கூடப் போகவில்லை என்று ஊரறியச் சொல்ல ஆசைதான், ஆனால் மொரோக்கோவுக்குப் பதில் எழுதுவது கௌரவக் குறைவு. ஆகவே ஸ்பெயினுக்கு எழுதியது. கடைசியில் ஒரு சிக்கல் முளைத்தது. புது ஆளை நியமித்தால் புது உறவு ஆரம்பித்ததாக ஆகிவிடும். அதற்கு இரண்டு நாடும் தயாராக இல்லை. பழைய காகிதத்தில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள் வந்தால் அது உறவில்லை, பழக்கம் மட்டும்தான் என்று முடிவானது. பழைய காகிதத்தில் இருந்த பெயர் பென்யூனஸ், மிலூத். ஆக, பென்யூனஸை மாற்றவும் வழியில்லாமல் போயிற்று.

ஜனவரி முதல் வியாழன். புல் நுனியெல்லாம் உறைபனி. பென்யூனஸ் ஜெலாபா அங்கியின் தலைமுக்காட்டுக்குள் பதினாலு ஜோடிக் காலுறையை அடைத்துக்கொண்டு முதல் கம்பத்துக்கு வந்தார். ஜவாத் கூட வந்தார். சிப்பாய் ஜன்னலின் பூட்டைத் திறந்தபோது அது கதறியது.

அந்தப் பக்கம் மிலூத் தெரிந்தார். கறுப்புக் கண்ணாடி. தடி. ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், கண்ணுக்கு என்ன?"

"புரை. ரிட்டயர் ஆகி வீட்ல கிடந்தவனைப் பேர் இருக்குன்னு தூக்கிட்டு வந்துட்டாங்க. கையெழுத்துப் போடுற இடம் தெரியாது, விரலைப் பிடிச்சுக் காட்ட ஆள் வேணும்னேன். சட்டத்துல அதைப் பத்தி ஒண்ணும் எழுதலியாம். அதனால இவளைக் கூட்டிட்டு வந்தேன்."

கைரா ஜன்னலுக்குக் குனிந்தாள். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பாதிதான் ஜன்னலில் அடங்கியது. பென்யூனஸும் ஜன்னலுக்குக் குனிந்து சலாம் சொன்னார்.

"இது யாரு கிழவன்?" என்றாள் கைரா ஊருக்கே கேட்கும்படி. "என் தம்பிக்கு முடி இருக்குமே!"

"லாத்தா, நான்தான்."

"என்ன முணுமுணுக்கிறான்? பல்லும் போச்சா?"

சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாய் இருக்கும் திசையைக் காவல் காத்தான். கைரா அட்டையை வாங்கினாள். அட்டை திரும்பி வந்தபோது கனத்தது. ரொட்டி சூடாக இருந்தது. ஒரு மணி நேரம் மடியில் வைத்து நடந்து வந்திருக்கிறாள். காலுறைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின. கைரா எண்ணாமல் எல்லாவற்றையும் சால்வையில் போட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் கையகல ஜன்னலில் விரலை நுழைத்துத் தம்பியின் தாடியைப் பிடித்துக்கொண்டாள். பென்யூனஸ் குனிந்தபடியே நின்றார். மிலூத்தான் கடைசியில், "கையெழுத்துக்கு வரலாமா? கண்ணு தெரியாதவன் நிக்கிறேன், கால் மரத்துப் போச்சு," என்றார்.

கைரா கணவரின் விரலைப் பிடித்துக் கட்டத்தில் வைத்தாள். மிலூத் கையெழுத்துப் போட்டார். தாள் பென்யூனஸிடம் வந்தது. புதுத் தாள் அது. அம்பு இல்லை. 'இம்மாதம் கிழக்கிலிருந்து வந்தது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு.

பேனாவை வைத்தவர் நிறுத்தினார். முக்காட்டுக்குள் ரொட்டி முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் தாளில் பொய் எழுதியதில்லை.

"சார்," என்றார் ஜவாத்திடம் தணிந்த குரலில். "'வந்தது'ன்னா கேஸ் மட்டும்தானே?"

ஜவாத்தின் வாய் நிறைய ரொட்டி. சிப்பாயின் பங்கில் பாதி அவருக்கு வந்திருந்தது. "கேஸ் மட்டும்தான்," என்றார் மென்றுகொண்டே. "எழுதுங்க."

பென்யூனஸ் பிஸ்மில்லாஹ் சொல்லி, வட்டமாக, அழகாக, ஒரு பூஜ்யம் போட்டார்.

சிப்பாய் ஜன்னலைச் சாத்த வந்தான். கைரா அதற்குள் ஜன்னலில் வாயை வைத்தாள்.

"அடுத்த மாசமும் ஒண்ணும் வராதுல்ல?" என்று கத்தினாள்.

பென்யூனஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாக எல்லையில் நின்று உரக்கக் கத்தினார்.

"இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் வராது லாத்தா!"